எது தடுக்கிறது? கர்ப்ப காலச் சாப்பாட்டில் உங்கள் தடையைக் கண்டுபிடித்து விலக்கும் வழி

ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். பால், முட்டை, கீரை, பருப்பு, பழம், நடுவில் சிரித்த முகத்தோடு ஒரு கர்ப்பிணி. அந்தப் படத்துக்குக் கீழே பெஞ்சில் காத்திருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அதெல்லாம் உடம்புக்கு நல்லது என்று தெரியாதவர் அங்கே யாரும் இருக்க மாட்டார்.

“தெரியும்மா, ஆனா வயித்துல எதுவும் தங்க மாட்டேங்குது.”

“தெரியும்மா, ஆனா காலையில அஞ்சரைக்கெல்லாம் கம்பெனி வண்டி வந்துரும்.”

“தெரியும்மா, ஆனா எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் இருக்கிறதுதானே எனக்கு.”

அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் வருவதைப் பற்றித்தான் இந்த அத்தியாயம். சிலருக்குக் கர்ப்ப காலத்தில் நன்றாகச் சாப்பிடுவது மற்றவர்களைவிடக் கடினமாக இருக்கிறது. அக்கறைக் குறைவோ சோம்பலோ அதற்குக் காரணமில்லை. வழியில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. அது எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. “நல்லா சாப்பிடும்மா” என்ற பொதுவான புத்திமதியால் அது நகராது. ஒவ்வொரு தடைக்கும் தனித்தனி வழி இருக்கிறது.

## முதல் வேலை: மூன்று நாள் குறிப்பு

ஒரு பழைய நோட்டும் பேனாவும் போதும்.

1. பக்கத்தில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். நேரம், சாப்பிட்டது, தடுத்தது.
2. மூன்று நாள் எழுதுங்கள். அதில் ஒரு நாளாவது விடுமுறை நாளாக இருக்கட்டும்.
3. சாப்பிடாமல் விட்ட வேளையைக் கட்டாயம் எழுதுங்கள். “காலை 8 மணி, ஒன்றுமில்லை, வாந்தி” என்பதுபோல.
4. மூன்றாம் பத்தியை மட்டும் கடைசியில் படித்துப் பாருங்கள். எந்தக் காரணம் அதிகம் வருகிறதோ அதுதான் உங்கள் முதல் தடை.
5. கீழே அந்தத் தடைக்குரிய பகுதிக்கு நேராகப் போங்கள். இரண்டு மூன்று தடைகள் இருந்தால் ஒரு வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: சாப்பிட வேண்டியதை எழுதிவிடுவது. சாப்பிட்டதை மட்டும் எழுதுங்கள். அரை டம்ளர் டீயும் ஒரு ரஸ்க்கும் என்றால் அதையே எழுதுங்கள்.

## எவ்வளவு போதும்?

“ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்” என்பார்கள். இரண்டு மடங்கு சாப்பிடத் தேவையில்லை. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 350 கலோரி கூடுதலாகப் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு முட்டை, அரை டம்ளர் பால் சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும். அதாவது ஒரு சின்ன வேளை கூடுகிறது, அவ்வளவுதான்.

புரதத் தேவை ஐந்தாம் மாதத்துக்கு மேல் இன்னும் ஏறும். ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு ஆகிய ஒவ்வொன்றிலும் 6 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. வழக்கமாகச் சாப்பிடுவதோடு இவற்றில் மூன்றை நாள்தோறும் சேர்த்துக்கொள்வது நல்ல இலக்கு.

சராசரி உடல்வாகு உள்ளவருக்குப் பிரசவத்துக்குள் 10 முதல் 12 கிலோ கூடுவது வழக்கம். மெலிந்தவருக்கு இன்னும் கூட வேண்டும், பருமனானவருக்குக் குறைவாகக் கூடினால் போதும். உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரட்டைக் குழந்தை என்றாலோ 18, 19 வயதில் கர்ப்பம் என்றாலோ தேவை கூடும். இந்த அளவோடு நிற்காமல் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.

## தடை 1: மசக்கையும் வாந்தியும்

முதல் மூன்று மாதத்தில் பலருக்கும் வயிற்றைப் புரட்டும். சிலருக்குத் தாளிக்கும் வாசனையே ஆகாது. பலருக்கு 16 வாரத்துக்குள் தணிந்துவிடும். அதுவரை சத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். வயிற்றில் ஏதாவது தங்குகிறதா என்பதுதான் இப்போதைக்கு முக்கியம்.

1. எழுவதற்கு முன்: தலைமாட்டில் ஒரு டப்பாவில் பொரி, ரஸ்க் அல்லது பொட்டுக்கடலை வைத்துக்கொள்ளுங்கள். கண் விழித்ததும் படுத்தபடி இரண்டு வாய் மென்றுவிட்டு, 15 நிமிடம் கழித்து எழுந்திருங்கள்.
2. வயிறு காயக் கூடாது: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாலு வாய். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும்.
3. தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காதீர்கள்: சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, மடக்கு மடக்காக. மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு, கஞ்சித் தண்ணீர் எதுவானாலும் சரி.
4. ஆறிய சாப்பாடு: சூடான சாப்பாட்டில் வாசனை அதிகம். தயிர்சாதம், ஆறிய இட்லி, கம்பங்கூழ் இவை பலருக்கு ஒத்துக்கொள்ளும்.
5. தாளிப்பு நேரத்தில் வெளியே இருங்கள்: அந்த நாட்களில் அடுப்படியை வேறு யாராவது பார்த்துக்கொண்டால் பெரிய உதவி. வீட்டாரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.
6. இஞ்சி: ஒரு சின்னத் துண்டைத் தட்டி வெந்நீரில் போட்டுக் குடிக்கலாம். பலருக்குக் குமட்டல் குறைகிறது.

குறிப்பு: முதல் மூன்று மாதம் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விடாதீர்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் காலம் அது. காலையில் தங்கவில்லை என்றால் இரவு படுக்கும் முன் போடலாம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை: ஒரு நாள் முழுக்க எதுவும் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை அல்லது அடர்மஞ்சளாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றிக் கண் இருட்டுகிறது, வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி, எடை குறைந்துகொண்டே போகிறது. “மசக்கைன்னா அப்படித்தான்” என்று சொல்லி வீட்டில் உட்கார வைக்கக் கூடாது. குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான வாந்தி மருந்துகள் இருக்கின்றன. மருந்துக்கடையில் நீங்களாக வாங்காமல் மருத்துவர் எழுதித் தருவதைச் சாப்பிடுங்கள்.

## தடை 2: கையில் காசில்லை

ஆப்பிளும் மாதுளையும் குங்குமப்பூவும் வாங்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். அவை இல்லாமலே சாப்பாட்டைச் சத்துள்ளதாக்கலாம். காசு குறைவாக இருக்கும்போது முதலில் முட்டை, பருப்பு, கடலை, அடுத்து கீரை, அதன்பின் பழம் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

1. ரேஷன் பருப்பைக் கெட்டியாகச் சாப்பிடுங்கள்: சாம்பாரில் தெளிவை ஊற்றிக்கொண்டால் பருப்பு பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடும். உங்களுக்கு அடிக்கரண்டிப் பருப்பு வரட்டும்.
2. ரேஷன் அரிசியில் மிதக்கும் மணியை எறியாதீர்கள்: களையும்போது சில மணிகள் நிறம் மாறி மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பலர் பொறுக்கி எறிகிறார்கள். அவை இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட அரிசி மணிகள். தண்ணீரை வடித்துக் கொட்டாமல் பொங்கிச் சாப்பிட்டால் சத்து வீணாகாது.
3. முருங்கைக்கீரை: பெரும்பாலான தெருக்களில் கிடைத்துவிடும். ஒரு கைப்பிடியை அடை மாவிலோ பருப்பிலோ போடுங்கள். இறக்கியதும் எலுமிச்சை பிழிந்தால் கீரையிலுள்ள இரும்பு நன்றாக உடம்பில் சேரும்.
4. கேழ்வரகு: 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. பால் வாங்க முடியாத நாளில் களியோ கூழோ அடையோ கைகொடுக்கும்.
5. சிறு மீன்: மத்தி, நெத்திலி இரண்டும் விலை குறைவு, சத்து அதிகம். முள்ளோடு மெல்ல முடிகிற நெத்திலியில் கால்சியமும் கிடைக்கும்.
6. பழத்துக்குக் கொய்யா, நெல்லிக்காய்: வைட்டமின் சி-யில் இவற்றுக்கு ஆப்பிள் ஈடாகாது.

### உங்களுக்கு வர வேண்டியதை வாங்கும் வழி

1. கர்ப்பம் உறுதியானதும், 12 வாரத்துக்குள், கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ பதிவு செய்து பிக்மி எண் வாங்குங்கள். உதவித்தொகைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவைப்படும்.
2. ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் இரண்டிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து மாறினால் பணம் நின்றுபோகும். முதல் மாதத்திலேயே திருத்தக் கொடுத்துவிடுங்கள்.
3. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுள்ளவர்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி உண்டு. அதில் 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் வரும். எந்தத் தவணை எப்போது வரும் என்று செவிலியரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.
4. அங்கன்வாடியில் பெயர் கொடுத்துச் சத்துமாவு வாங்குங்கள். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்ற கணக்கில் இந்தத் திட்டம் நடக்கிறது. ருசி பிடிக்கவில்லை என்றால் தோசை மாவில் கலக்கலாம், வெல்லமும் வேர்க்கடலையும் சேர்த்து உருண்டை பிடிக்கலாம்.

அடிக்கடி நடக்கும் தவறு: சத்துமாவையும் பெட்டகத்துப் பேரீச்சம்பழத்தையும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் பங்கு போடுவது. குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் தனிப் பங்கு உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பங்கு வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் சேர்த்து வந்தது.

## தடை 3: வேலையும் நேரமும்

பனியன் கம்பெனி, நூற்பாலை, துணிக்கடை, நூறு நாள் வேலை, ஷிப்டு முறை அலுவலகம் என வேலை எதுவானாலும், கர்ப்பிணிகள் பட்டினி கிடப்பது பெரும்பாலும் காலை ஐந்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில்தான். அதற்கு மூன்று டப்பா முறை.

1. இரவே செய்ய வேண்டியது: ஒரு கைப்பிடி பச்சைப்பயறு அல்லது கொண்டைக்கடலையை ஊறவையுங்கள். முட்டையைக் காலையில் அடுப்பு பற்ற வைத்ததும் வேகப் போடுங்கள். இரவே அவித்து வைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.
2. முதல் டப்பா, வண்டியில் சாப்பிட: வாழைப்பழம், வேர்க்கடலை உருண்டை அல்லது இரண்டு இட்லி. உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாதவருக்காகவே இது.
3. இரண்டாம் டப்பா, டீ இடைவேளைக்கு: அவித்த பயறு அல்லது முட்டை. டீயும் வடையும் இருந்த இடத்தில் இது வரட்டும்.
4. மூன்றாம் டப்பா, மதியம்: சோறு பாதி, பருப்பும் காய்கறியும் பாதி. கேன்டீன் சாப்பாடு என்றால் வீட்டிலிருந்து பொரியலாவது கொண்டுபோங்கள்.
5. தண்ணீர்: ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு தடவை காலியாக வேண்டும்.

தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கழிப்பறை சுத்தமாக இல்லை, அடிக்கடி எழுந்து போனால் சூப்பர்வைசர் திட்டுவார் என்று பலர் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். கவனிக்காமல் விட்டால் குறைமாதப் பிரசவம்வரை கொண்டுபோய் விடலாம். செய்ய வேண்டியது இதுதான்: மருத்துவரிடம் “அடிக்கடி தண்ணீர் குடிக்கவும், கழிப்பறை செல்லவும், உட்கார்ந்து வேலை செய்யவும் அனுமதிக்க வேண்டும்” என்று ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். வாயால் கேட்கத் தயங்குகிறவருக்கு அந்தச் சீட்டு பேசும்.

குறிப்பு: வேலையிடத்தில் மதியச் சாப்பாடு காலை ஐந்து மணிக்குக் கட்டியதாக இருந்தால் கோடையில் கெட்டுப்போகும். புளிசாதமும் எலுமிச்சைச் சாதமும் தாங்கும், தேங்காய்ச் சட்னி தாங்காது. வாடை மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

## தடை 4: வீட்டில் கடைசிப் பந்தி

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சச் சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிடும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அம்மா, பாட்டி காலத்திலிருந்து அப்படியே வந்துவிட்டது. சண்டையில்லாமல் மாற்ற வழி உண்டு.

1. முதலில் எடுத்து வையுங்கள்: சமைத்ததும் உங்கள் பங்குப் பருப்பு, கீரை, முட்டையை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவிடுங்கள். கடைசியில் உட்கார்ந்தாலும் பங்கு குறையாது.
2. கணவரைத் துணைக்குச் சேருங்கள்: “ஏங்க, இந்த அஞ்சு மாசம் நீங்களும் நானும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாமா?” என்று கேளுங்கள். அவர் உங்களுக்காகக் காத்திருந்தால் வீட்டில் வேறு யாரும் பேச இடமில்லை.
3. மாமியாரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்: “அத்தை, டாக்டர் என்ன சொல்றாங்கன்னு நீங்களும் வந்து கேட்டா எனக்குத் தெம்பா இருக்கும்” என்று சொல்லுங்கள். ரத்த அளவு 9 என்று மருத்துவர் வாயால் கேட்டபின், அடுத்த நாள் முட்டையை அவரே அவித்துத் தருவதுண்டு.

### “இது ஆகாது” என்ற பட்டியல்

பெரியவர்கள் சொல்வதில் சில சரி, சில சரியில்லை. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

- பப்பாளி: காயும் செங்காயும் வேண்டாம், அவற்றின் பாலில் கருப்பையைச் சுருங்கவைக்கும் பொருள் உண்டு. நன்கு பழுத்த பழத்தால் கெடுதல் இல்லை. இருந்தாலும் வீட்டில் மனக்கலக்கம் என்றால் விட்டுவிட்டுக் கொய்யா சாப்பிடுங்கள், நட்டமில்லை.
- அன்னாசி, எள்: சாப்பாட்டில் சேரும் அளவால் கரு கலையாது.
- முட்டை, மீன் சூடு: நன்கு வேகவைத்தால் பயமில்லை. இவற்றை விட்டால் புரதத்துக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும்.
- இரவில் கீரை, தயிர்: செரித்தால் சாப்பிடலாம். பிடிக்கவில்லை என்றால் மதியத்துக்கு மாற்றுங்கள். அடியோடு விட வேண்டாம்.
- “நிறைய சாப்பிட்டா பிள்ளை பெருத்துச் சுகப்பிரசவம் ஆகாது”: இந்தப் பேச்சுத்தான் ஆபத்தானது. சாப்பாட்டைக் குறைத்தால் எடை குறைந்த குழந்தை பிறக்கலாம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.
- குங்குமப்பூ: குழந்தையின் நிறம் அதனால் மாறாது. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.
- விரதம்: மாத்திரை போடுகிறவரும் ரத்தசோகை, சர்க்கரை உள்ளவரும் பட்டினி விரதம் இருக்க வேண்டாம். பிள்ளை பிறந்தபின் நேர்த்திக்கடனைச் செலுத்தலாம்.

## தடை 5: ரத்தசோகையும் ஒத்துக்கொள்ளாத மாத்திரையும்

கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே வந்தாலே ரத்தசோகை. 10-க்குக் கீழே வந்தால் கவனம் கூட வேண்டும், 7-க்குக் கீழே போனால் மருத்துவமனைச் சிகிச்சை தேவை. ரத்தசோகையே பசியைக் குறைக்கும், பசி குறைந்தால் ரத்தம் இன்னும் இறங்கும். இந்தச் சுழலில் சாப்பாட்டால் மட்டும் மேலே வர முடியாது, மாத்திரையும் வேண்டும்.

நாலாம் மாதம் முதல் 180 நாள் அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. “போட்டா வயித்தப் பொரட்டுது, மலம் கறுப்பாப் போகுது” என்று பலர் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். மலம் கறுப்பது இயல்புதான், பயப்பட வேண்டாம்.

1. காலையில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். குமட்டல் தூக்கத்தில் கழிந்துவிடும்.
2. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட எடுத்துக்கொள்ளுங்கள்.
3. டீ, காபி, பால் குடிக்க முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.
4. கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் சாப்பாட்டோடு, இரும்பு தனியாக.
5. தைராய்டு மாத்திரை காலை வெறும் வயிற்றில். அதற்கும் இரும்பு, கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி.
6. மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, வாழைத்தண்டு, கொய்யா. அப்படியும் முடியவில்லை என்றால் நிறுத்தாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரையோ ஊசியோ இருக்கிறது.

அடிக்கடி நடக்கும் தவறு: பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பி மாத்திரையை விடுவது. இரண்டிலும் இரும்பு மிகக் குறைவு. நன்கு வேகவைத்த சுவரொட்டி, ஆட்டுக்கறி, மீன், கீரை, பயறு இவற்றில்தான் இருக்கிறது. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

மண், சாம்பல், பச்சரிசி, சாக்பீஸ் தின்னும் ஆசை: பெரும்பாலும் இரும்புக் குறைவின் அடையாளம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மண்ணில் புழு முட்டையும் ஈயமும் இருக்கலாம். மருத்துவரிடம் சொன்னால் ரத்தப் பரிசோதனை செய்து, தேவையானால் பூச்சி மாத்திரையும் தருவார். இரண்டாம் மூன்று மாதத்தில் அதைத் தருவது வழக்கம்.

## தடை 6: சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள்

கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்வதைத் தமிழ்நாடு 2007-இலேயே தொடங்கியது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்வார்கள். அதைக் கேட்டதும் பலர் செய்யும் முதல் காரியம் பட்டினி கிடப்பது. அது தவறு. அளவைக் குறைப்பதைவிடத் தட்டைப் பிரித்து வைப்பதுதான் முக்கியம்.

1. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன்.
2. மூன்று பெரிய வேளையை மூன்று சிறிய வேளையும் மூன்று இடைத் தீனியுமாக உடையுங்கள்.
3. இடைத் தீனிக்குச் சுண்டல், மோர், வேர்க்கடலை. பிஸ்கட்டும் பழச்சாறும் ஹார்லிக்ஸ் வகைப் பானமும் வேண்டாம்.
4. கேழ்வரகும் கம்பும் நல்லவைதான். ஆனால் கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். அடை, ரொட்டி, உப்புமாவாகச் சாப்பிடுங்கள்.
5. சாப்பிட்டபின் 15 நிமிடம் நடை, மருத்துவர் நடக்க வேண்டாம் என்று சொல்லாதவரை.

சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. இரண்டு வாரம் பார்த்தும் இறங்கவில்லை என்றால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்களே இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. இன்சுலின் போடுகிறவர் ஒரு வேளையும் தள்ளிப்போடக் கூடாது. வியர்த்து, கை நடுங்கினால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் குடித்துவிட்டு மருத்துவமனையை அழையுங்கள்.

## தடை 7: நெஞ்சு கரிப்பும் நிறைந்த வயிறும்

ஏழாம் மாதத்துக்குமேல் நாலு வாய்க்கே வயிறு நிறைந்துவிடும், படுத்தால் எதுக்களிக்கும். சிறு வேளைகளாகச் சாப்பிடுங்கள், இரவுச் சாப்பாட்டை 7 மணிக்குள் முடியுங்கள், தலைப்பக்கம் உயர்த்தி இடப்பக்கமாகப் படுங்கள்.

எச்சரிக்கை: மேல்வயிற்று வலியை நெஞ்சு கரிப்பு என்று விட்டுவிடாதீர்கள். கூடவே கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் இருந்தால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். இரவானாலும் 108-ஐ அழையுங்கள்.

## தடை 8: மனசு ஒப்பவில்லை

முன்பு ஒரு குழந்தையை இழந்தவர், கணவர் ஊரில் இல்லாதவர், வீட்டில் அடி உதை படுகிறவர் ஆகியோருக்குச் சோறு தொண்டையில் இறங்காது. இரண்டு வாரத்துக்குமேல் பசியில்லை, தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இரும்புச் சத்துக்கு மாத்திரை இருப்பதுபோல இதற்கும் சிகிச்சை உண்டு. செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள், அல்லது 104-ஐ அழைத்துப் பேசுங்கள். வீட்டில் வன்முறை என்றால் 181 மகளிர் உதவி எண் இருக்கிறது. அதுவரை தனியாகச் சாப்பிடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டாலும் நாலு வாய் கூட இறங்கும்.

## எல்லோருக்கும் பொதுவான பாதுகாப்பு

- பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். முட்டையையும் இறைச்சியையும் முழுதாக வேகவையுங்கள். அரைவேக்காடு, ஆஃப்பாயில் வேண்டாம்.
- பச்சையாகச் சாப்பிடும் காய்கறி, பழத்தைக் கழுவிச் சாப்பிடுங்கள். வெட்டி வைத்து விற்கும் பழம் வாங்க வேண்டாம்.
- சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேரும். சிறு மீனே நல்லது.
- காபி, டீ சேர்த்து நாளுக்கு இரண்டு சின்ன டம்ளருக்கு மேல் வேண்டாம். மது, புகையிலை, வெற்றிலையோடு போயிலை எதுவும் கூடாது.
- ரத்த அழுத்தம் உள்ளவர் ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள்.
- நாட்டு மருந்து, சூரணம், புரதப் பொடி எதுவானாலும் மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

## இந்த வாரம் என்ன செய்வது?

1. ஞாயிறு முதல் செவ்வாய் வரை மூன்று நாள் குறிப்பு.
2. புதன் காலை மூன்றாம் பத்தியைப் படித்து ஒரு தடையைத் தேர்ந்தெடுங்கள்.
3. அந்தப் பகுதியிலிருந்து இரண்டே இரண்டு படிகளை மட்டும் தொடங்குங்கள். எல்லாப் படிகளையும் ஒரே நாளில் தொடங்கினால் மூன்றாம் நாள் எல்லாம் நின்றுவிடும்.
4. அடுத்த ஞாயிறு மறுபடி ஒரு நாள் குறிப்பு எழுதுங்கள். போன வாரம் விட்ட வேளையில் இந்த வாரம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.
5. மாற்றமில்லை என்றால் படிகளை மாற்றுங்கள். மூன்று வாரம் ஆகியும் நகரவில்லை என்றால், அல்லது எடை கூடாமல் நின்றால், அடுத்த பரிசோதனைவரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கும். அதற்கு முன்பே போக முடிந்தால் இன்னும் நல்லது.

போகும்போது அந்த நோட்டை மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். “நல்லா சாப்பிடுறீங்களாம்மா?” என்று கேட்பார்கள். வழக்கம்போல “ம்” என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். நோட்டைத் திறந்து மூன்றாம் பத்தியைக் காட்டுங்கள்.